அடுத்தது என்னவென்று தெரிந்தும் சிரிக்கிறோம்



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர். சிட்காம் என்கிறார்களே, அதுதான். அரைமணி நேரம். ஒரு வீடு, இல்லாவிட்டால் ஒரு ஹோட்டல், இல்லாவிட்டால் ஒரு ஆபீஸ். அதே நாலைந்து பேர். வாரா வாரம் புதிதாக ஒரு சிக்கல். முடிவில் எல்லாம் பழையபடி. இவ்வளவுதான் அதன் இலக்கணம். இவ்வளவு சின்ன இலக்கணத்தை வைத்துக்கொண்டு எழுபது வருஷங்களுக்கு மேலாக உலகத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்களே, எப்படி? அதில் நாம் அடையும் இன்பம் எங்கே இருந்து வருகிறது? இதுதான் என் கேள்வி.

இலக்கிய மேடையில் இதைப் பேசலாமா என்று யாருக்காவது தயக்கம் இருந்தால், அவர்கள் தொல்காப்பியத்தைத் திறந்து பார்க்கட்டும். மெய்ப்பாடுகள் எட்டு என்று சொன்ன தொல்காப்பியர் எதை முதலில் வைத்தார்? அழுகையையா? வீரத்தையா? காதலையா? நகையை வைத்தார்! அதோடு விட்டாரா? சிரிப்பு எங்கே பிறக்கிறது என்று நான்கு நிலைக்களன்களையும் எண்ணிக் கொடுத்தார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றோடு நான் உங்களை இப்போது அமெரிக்காவுக்கு அழைத்துப் போகிறேன்.

1951ஆம் ஆண்டு அக்டோபர் 15. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'ஐ லவ் லூசி' என்ற தொடர் தொடங்கியது. கதாநாயகி லூசில் பால். அப்போது அவருக்கு வயது நாற்பது. கணவனாக நடித்தவர் அவருடைய உண்மையான கணவரே: தெசி அர்னாஸ், கியூபாவிலிருந்து வந்த இசைக்கலைஞர். கதை என்ன? லூசி ஒரு குடும்பத் தலைவி. புருஷன் கிளப்பில் பாட்டுக்குழு நடத்துகிறவன். அவளுக்கும் மேடை ஏற ஆசை. அவன் விடுவதில்லை. அதே கட்டடத்தில் வீட்டுக்காரத் தம்பதி ஃபிரெட்டும் எத்தெலும். லூசி ஒரு திட்டம் போடுவாள், எத்தெல் வேண்டாம் வேண்டாம் என்றபடியே கூடப் போவாள், திட்டம் கவிழும். ஆறு வருஷத்துக்கு, நூற்றெண்பது பகுதிகளுக்கு, இதுவேதான் கதை!

அதில் ஒரு காட்சியை உங்களுக்குக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1952 செப்டம்பரில் ஒளிபரப்பான பகுதி. சம்பாதிப்பது கஷ்டமா, வீட்டைப் பார்ப்பது கஷ்டமா என்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. சரி, மாறிப் பார்ப்போம் என்று ஆண்கள் சமையலறைக்குள் நுழைகிறார்கள். லூசியும் எத்தெலும் ஒரு சாக்லேட் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அங்கே ஒரு பெல்ட் ஓடுகிறது. அதில் சாக்லேட் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் எடுத்துத் தாளில் சுற்றித் திரும்ப வைக்க வேண்டும். கடுகடுத்த மேற்பார்வைக்காரி வந்து நிற்கிறாள். 'ஒரே ஒரு சாக்லேட் சுற்றாமல் உள்ளே போனாலும் உங்களுக்கு வேலை இல்லை' என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பெல்ட் நகர ஆரம்பிக்கிறது. மெதுவாக. ரொம்ப மெதுவாக. இவர்கள் சுற்றுகிறார்கள். இது என்ன பிரமாதம் என்று முகத்தில் ஒரு நிம்மதி வேறு.

அந்த நிம்மதியைப் பார்த்ததும் நமக்கு என்ன ஆகிறது? வயிற்றுக்குள் சிரிப்பு மூள்கிறது! இன்னும் எதுவுமே நடக்கவில்லை. ஒரு சாக்லேட்கூடத் தப்பவில்லை. ஆனால் நமக்குத் தெரியும். லூசிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

பெல்ட் வேகம் பிடிக்கிறது. ஒன்று தப்புகிறது. லூசி அதை எட்டிப் பிடித்து இழுக்கிறாள். அதற்குள் மூன்று வந்துவிடுகின்றன. என்ன செய்வது? வாயில் போட்டுக்கொள்கிறாள். எத்தெலும் போட்டுக்கொள்கிறாள். வாய் நிறைந்துவிட்டது, தொப்பிக்குள் போடுகிறார்கள். தொப்பி நிறைந்துவிட்டது, சட்டைக்குள் போடுகிறார்கள். மேற்பார்வைக்காரி வரும் சத்தம் கேட்கிறது. மிச்சத்தையும் ஒளித்துவிட்டுக் கன்னம் இரண்டும் உப்பிப்போய் நிமிர்ந்து நிற்கிறார்கள். அவள் பார்க்கிறாள். பெல்ட் காலியாக இருக்கிறது. ஆகா, கெட்டிக்காரிகள் என்று பாராட்டுகிறாள். பாராட்டிவிட்டு என்ன செய்கிறாள்? 'இன்னும் வேகமாக ஓட்டு!' என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறாள்.

கவனியுங்கள். இந்தக் காட்சியின் உச்சத்தில் வசனம் கிடையாது. வாய் நிறைய சாக்லேட்டை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? அதனால்தான் ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத பாட்டியும் அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். இன்னொன்றையும் கவனியுங்கள். தண்டனையாக வர வேண்டியது பாராட்டாக வருகிறது. அந்தப் பாராட்டே பெரிய தண்டனையாகிறது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதியது இது. ஜெஸ் ஒப்பன்ஹைமர், மேட்லின் பியூ, பாப் கரோல் என்ற மூன்று பேர். நடிகர்களின் பெயர் நிலைத்த அளவுக்கு இவர்களின் பெயர் நிலைக்கவில்லை. இந்த மேடையிலாவது சொல்லிவைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அதே நேரத்தில் வீட்டில் ஆண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நாலு பேருக்குச் சோறு. ஆளுக்கு ஒரு பவுண்டு அரிசி என்று கணக்குப் போட்டு நாலு பவுண்டு அரிசியை உலையில் கொட்டினார்கள்! அரிசியை அளந்து பழகிய தாய்மார்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். பார்த்தீர்களா? அந்தச் சோறு பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததை நான் இன்னும் சொல்லவே இல்லை. நான் சொல்வதற்கு முன்னாலேயே நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

அதைத்தான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். துப்பறியும் கதையில் தெரியாததுதான் இன்பம். யார் கொன்றது என்று தெரிந்துவிட்டால் சுவை போய்விடும். நகைச்சுவைத் தொடர் நேர் எதிரான வழியில் போகிறது. இந்த ஆள் இப்படித்தான், இவன் இதைத்தான் செய்வான் என்று நமக்கு முன்கூட்டியே தெரிகிறதே, அந்தத் தெரிந்திருத்தலில்தான் அதன் உயிர் இருக்கிறது.

'ஐ லவ் லூசி' பார்வையாளர்களை அரங்கத்தில் உட்காரவைத்துப் படமாக்கப்பட்ட தொடர். மூன்று காமிராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். அந்த ஒளிப்பதிவை அமைத்தவர் கார்ல் ஃபிராய்ண்ட், ஜெர்மனியில் 'மெட்ரோபொலிஸ்' படத்தில் வேலை செய்த மேதை. நாடகம்போல முதலிலிருந்து கடைசிவரை நடிப்பார்கள். சிரிப்பும் அங்கேயே பதிவாகும். லூசில் பாலின் தாயார் தவறாமல் வந்து அந்தக் கூட்டத்தில் உட்காருவாராம். லூசி ஏதோ விபரீதத்துக்குக் கிளம்பும் கணத்தில் 'ஐயையோ' என்கிற மாதிரி ஒரு பெண் குரல் பதிவில் கேட்கும். அது அந்தத் தாயாரின் குரல் என்பார்கள். பெற்றவள் அல்லவா? மகளுக்கு அடுத்து என்ன நேரும் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும்! நகைச்சுவைத் தொடர் பார்க்கும் நாம் ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் அந்தத் தாயாரின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். பதற்றமும் பாசமும் கலந்த ஒரு சிரிப்பு அது.

இந்தப் பாசம் எந்த அளவுக்குப் போகும்? லூசில் பால் நிஜமாகவே கருவுற்றார். அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் கர்ப்பம் என்ற வார்த்தையைக்கூடச் சொல்ல விடவில்லை. ஆனாலும் அதைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். பிரசவப் பகுதியில் ஒரு காட்சி. வலி எடுத்தால் யார் டாக்டருக்குப் போன் செய்வது, யார் பெட்டியை எடுப்பது என்று கணவனும் ஃபிரெட்டும் எத்தெலும் ஒத்திகை பார்க்கிறார்கள். அழகாக, அமைதியாக நடக்கிறது ஒத்திகை. அப்புறம் லூசி வந்து 'நேரமாகிவிட்டது' என்கிறாள். ஒரே ரகளை. போனைத் தள்ளி, பெட்டியைக் கொட்டி, மூன்று பேரும் வாசலைத் தாண்டி ஓடுகிறார்கள், லூசியை வீட்டிலேயே விட்டுவிட்டு! இது ஒளிபரப்பான நாள் 1953 ஜனவரி 19. அதே நாளில் லூசில் பாலுக்கு ஆஸ்பத்திரியில் மகன் பிறந்தான். அன்று இரவு அந்தப் பகுதியைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 4.4 கோடிப் பேர். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றார்; அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 2.9 கோடி. ஒரு நாடு தன் ஜனாதிபதியைவிடத் தன் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிரசவத்தைப் பார்க்கத்தான் முண்டியடித்தது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். தெரிந்த வீட்டில் குழந்தை பிறந்தால் எட்டிப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்?

சரி. லூசி நல்லவள், அவளிடம் பாசம் வருகிறது. கெட்டவனைப் பார்த்தும் சிரிக்கிறோமே, அது எப்படி?

இங்கிலாந்துக்கு வாருங்கள். பிபிசியில் 'ஃபால்ட்டி டவர்ஸ்'. 1975இல் ஆறு பகுதி, 1979இல் ஆறு பகுதி. மொத்தமே பன்னிரண்டு! ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதினார்கள். டார்க்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டல். அதன் முதலாளி பேசில் ஃபால்ட்டி. மரியாதை தெரியாதவன், பணக்காரனைக் கண்டால் குழைகிறவன், வேலைக்காரனை அடிக்கிறவன். தொல்காப்பியர் சொன்ன எள்ளல் இருக்கிறதே, அதற்கென்றே செய்த பாத்திரம். ஸ்பெயினிலிருந்து வந்த பரிசாரகன் மனுவெல் அவனிடம் மாட்டிக்கொண்டு விழிக்கிறான். அவன்தான் மடன்: சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற மனம். எள்ளலையும் மடனையும் ஒரே கூரையின் கீழ் குடிவைத்தார்கள். பிறகு சிரிப்புக்குப் பஞ்சம் ஏது?

ஒரு நாள் பேசில் ஊர்ப் பெரியவர்களுக்கு உயர்தர விருந்து ஏற்பாடு செய்கிறான். சமையல்காரன் குடித்துவிட்டு விழுந்துவிட்டான். வேறொரு உணவகத்திலிருந்து வாத்துக் கறியை வாங்கிக்கொண்டு காரில் பறக்கிறான் பேசில். பாதி வழியில் கார் நின்றுவிடுகிறது. காரைத் திட்டுகிறான். எச்சரிக்கை விடுகிறான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறான். அப்புறம் இறங்கி எங்கேயோ ஓடி, ஒரு மரக்கிளையை ஒடித்துக்கொண்டு வந்து காரைச் சாத்து சாத்து என்று சாத்துகிறான்!

நின்றுபோன வண்டியை உதைக்காத மனிதர் இந்த அரங்கில் யாராவது இருக்கிறீர்களா? நம்முடைய கோபமெல்லாம் அந்தக் கிளையின் நுனியில் இருக்கிறது. நாம் அடக்கிக்கொண்டோம், அவன் அடக்கவில்லை. நமக்காக அவன் ஆடித் தீர்க்கிறான், நமக்காக அவனே அவமானமும் படுகிறான். எப்படியோ ஹோட்டலுக்கு வந்து சேர்ந்து, விருந்தினர் முன்னால் தட்டின் மூடியைத் தூக்கினால் உள்ளே வாத்து இல்லை. கிரீம் வைத்த இனிப்பு! மூடியைத் திரும்ப வைத்துத் திரும்பத் தூக்குகிறான். பிறகு அந்த இனிப்புக்குள் இரண்டு கையையும் விட்டு வாத்தைத் தேடுகிறான். கெட்டவன் தண்டனை அடைகிறான் என்ற நியாயமும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அடுத்த வாரம்? அடுத்த வாரம் ஹோட்டல் அங்கேயே இருக்கும், பேசில் அங்கேயே நிற்பான். தழும்பு இல்லாமல் அடிபடுவது இந்தக் கலையில் மட்டும்தான் நடக்கும்.

பாத்திரம் மாற வேண்டும், வளர வேண்டும் என்பது நாவலுக்கு நாம் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து அளக்கக் கூடாது. 'சைன்ஃபெல்ட்' தொடரை எழுதிய லேரி டேவிட், கட்டிப்பிடித்து உருகுவதும் கிடையாது, பாடம் கற்றுக்கொள்வதும் கிடையாது என்று தன் குழுவுக்கு ஒரு விதியே வைத்திருந்தார். 'சியர்ஸ்' என்ற தொடரைப் பாருங்கள். பாஸ்டன் நகரத்து மதுக்கடை ஒன்றில் நடப்பது. அங்கே நார்ம் என்று ஒரு வாடிக்கைக்காரர். அவர் கதவைத் திறந்து உள்ளே வந்தால் கடை மொத்தமும் 'நார்ம்!' என்று கூவும். பதினொரு வருஷம் கூவியது. அலுத்ததா? அலுக்கவில்லை. அந்தக் கூவலுக்காகவே ஜனங்கள் காத்திருந்தார்கள். நாம் நுழைந்ததும் நம் பெயரைச் சொல்லி மகிழ ஒரு இடம் இருக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இல்லை?

நம்மூரில் இந்த ரகசியத்தைத் தெரிந்தவர் கிரேஸி மோகன். அவருடைய நாடகங்களில் மாது வருவான், சீனு வருவான். கதாநாயகிக்குப் பெயர் ஜானகி. நாடகம் புதிது, பெயர்கள் பழையவை. சபாவில் உட்கார்ந்திருக்கும் ரசிகர் மாது மேடைக்கு வந்ததும் கைதட்டுவார். இன்னும் ஜோக்கே சொல்லவில்லையே, எதற்குத் தட்டுகிறார்? நம்ம ஆள் வந்துவிட்டான் என்று தட்டுகிறார்! சன் டிவியில் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' வந்தபோது எம்.எஸ். பாஸ்கர் பட்டாபியாக நடித்தார். அதன் பிறகு எத்தனை படங்களில் எத்தனை ஆழமான வேஷங்கள் செய்துவிட்டார்! இருந்தும் பட்டாபி என்றால் இன்றும் நம் முகம் மலர்கிறது. அவர் நம் வீட்டுக்குள் வந்து போனவர்.

சிரிப்பொலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பதிவு செய்து வைத்த சிரிப்பைக் காட்சிகளுக்கு நடுவே சேர்க்கிறார்களே, அதைப் பலருக்கும் பிடிக்காது. அமெரிக்காவில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950களில் அதற்கென்று ஒரு கருவியே செய்தார். விசையை அழுத்தினால் சிரிப்பு வரும். மெல்லிய சிரிப்பு, வெடிச் சிரிப்பு, பெண்கள் சிரிப்பு என்று வகைவகையாக. தனியாக வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு ஒரு கூட்டத்தில் இருப்பதாகத் தோன்ற வேண்டும் என்பதுதான் நோக்கம். நோக்கம் புரிகிறது. ஆனால் அது வரம்பு மீறும்போது நம் சிரிப்பை யாரோ நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல ஆகிவிடுகிறது. கொரியப் போரின் ராணுவ மருத்துவமனையை வைத்து எடுத்த 'மாஷ்' தொடரில் இந்தச் சிக்கல் முற்றியது. எடுத்தவர்களுக்குச் சிரிப்பொலியே வேண்டாம். தொலைக்காட்சி நிறுவனம் விடவில்லை. கடைசியில் ஒரு சமரசம்: அறுவை சிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கூடாது. ரத்தத்தில் கை நனைந்தபடி டாக்டர்கள் அங்கே நகைச்சுவையாகப் பேசுவார்கள், சுற்றிலும் அமைதி. போர் நடந்தது மூன்று வருஷம். தொடர் நடந்தது பதினொரு வருஷம். 1983 பிப்ரவரி 28இல் வந்த கடைசிப் பகுதியைப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். நகையும் அழுகையும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்பதைத் தொலைக்காட்சியில் அவ்வளவு நேர்மையாக வேறு யாரும் காட்டியதாக நான் நினைக்கவில்லை.

இன்றைய இளைஞர்கள் 'ஃபிரெண்ட்ஸ்' பார்க்கிறார்கள். 1994இல் தொடங்கி 2004இல் முடிந்த தொடர். அது தொடங்கியபோது பிறக்காத பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். ஒரு முறையா? இரண்டாவது முறை, மூன்றாவது முறை! இருநூற்று முப்பத்தாறு பகுதிகளையும் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பெற்றோர் கேட்கிறார்கள்: 'பார்த்ததையே எதற்கடா திரும்பப் பார்க்கிறாய்?' அந்தப் பெற்றோருக்கு நான் சொல்லுவேன்: விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தார்களே உங்கள் பாட்டனும் பாட்டியும், அவர்களுக்குப் பாரதக் கதை தெரியாதா? துகில் உரிவது தெரியாதா? துரியோதனன் விழுவது தெரியாதா? எல்லாம் தெரிந்துதான் பாயை எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டியங்காரன் வந்து நின்றதுமே சிரித்தார்கள்.

2023 அக்டோபரில் அந்தத் தொடரில் சாண்ட்லராக நடித்த மேத்யூ பெர்ரி இறந்தார். நம்மூர்ப் பிள்ளைகளும் உறவில் ஒருவரைப் பறிகொடுத்ததுபோல் துக்கப்பட்டார்கள். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்காதீர்கள். ஹாஸ்டலில், வெளியூர் வேலையில், தூக்கம் வராத இரவில் அந்த மனிதர் அவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறார். அந்த நன்றியைத்தான் அவர்கள் அழுது தீர்த்தார்கள்.

நண்பர்களே, முடிக்கும் நேரம் வந்துவிட்டது. என்னிடம் இருப்பது இரண்டு வேண்டுகோள்.

தமிழ்த் தொலைக்காட்சிகளை நடத்துகிறவர்களுக்கு முதல் வேண்டுகோள். மாலை முழுக்கக் கண்ணீரும் சூழ்ச்சியும் ஓடட்டும், அதற்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு அரைமணி நேரத்தைக் குடும்பம் முழுவதும் சேர்ந்து சிரிக்கும் ஒரு தொடருக்குக் கொடுங்கள். அதை எழுதுகிறவருக்கு அவகாசம் கொடுங்கள். தினம் ஒரு பகுதி என்று கேட்டால் நகைச்சுவை வராது. 'ஃபால்ட்டி டவர்ஸ்' எழுதியவர்கள் முதல் ஆறு பகுதிகளுக்கும் அடுத்த ஆறு பகுதிகளுக்கும் நடுவே மூன்று வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். பொறுமையும் காட்டுங்கள், 'சியர்ஸ்' தொடரை அதன் முதல் வருஷத்தில் அதிகம் பேர் பார்க்கவில்லை, அதை நிறுத்தியிருந்தால் நார்ம் என்ற மனிதரை உலகம் அறிந்தே இருக்காது.

இரண்டாவது வேண்டுகோள் உங்களுக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆளுக்கொரு கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஏதாவது ஒரு நல்ல நகைச்சுவைத் தொடரின் ஒரே ஒரு பகுதியைப் பாருங்கள். எதைப் பார்ப்பது என்று கேட்டால், லூசி சாக்லேட் சுற்றும் அந்தப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். பாட்டியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.